வெறுங்கை நடையா, நோர்டிக் நடையா, சைக்கிளா, தண்ணீரா? புதுவை, கடலூர்க்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

"ஓட்டம் வேண்டாம், முட்டிக்கு அதிர்ச்சி கொடுக்காத பயிற்சியா ஏதாவது செய்யுங்க" என்று மருத்துவர் சொல்லி அனுப்பியவர்களுக்குப் புதுச்சேரியிலும் கடலூரிலும் நான்கு வழிகள் இருக்கின்றன. வேகமான சாதாரண நடை, இரண்டு கைகளிலும் கோல் பிடித்து நடக்கும் நோர்டிக் நடை, சைக்கிள், தண்ணீருக்குள் பயிற்சி. நான்குமே ஓட்டத்தைவிட மூட்டுக்கு இதமானவை. ஓடும்போது ஒவ்வொரு காலடிக்கும் தரையிலிருந்து திரும்பி வரும் விசை உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு இருக்கும். நடையில் அது எடையைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனாலும் மற்றவற்றில் நான்கும் நான்கு திசை. எதைத் தேர்வது என்பது வலி எங்கே இருக்கிறது, உடலில் எது குறைகிறது, வீட்டிலிருந்து எந்தத் தரை பக்கம் என்ற மூன்றையும் வைத்துத்தான் முடிவாகும்.

நோர்டிக் நடை இங்கே இன்னும் பலருக்குப் புதிது. அதனால் அதற்கே இந்தக் கட்டுரையில் அதிக இடம்.

இதன் ஊர் பின்லாந்து. பனிச்சறுக்கு வீரர்கள் பனி இல்லாத கோடையில் உடல் தகுதி குறையாமல் இருக்க, சறுக்குக் கோல்களை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்து பயிற்சி செய்தார்கள். 1997இல் எக்செல் என்ற பின்லாந்து நிறுவனம் நடைக்கென்றே தனிக் கோல்களைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, வீரர்களின் பயிற்சி பொதுமக்களின் பழக்கமாக மாறியது. பனிக்கும் நமக்கும் தொடர்பில்லை என்றாலும், கோலைத் தரையில் ஊன்றிப் பின்னோக்கித் தள்ளி உடலை முன்னே அனுப்புவது என்ற அடிப்படை எந்தத் தட்பவெப்பத்துக்கும் பொருந்தும். தாத்தாக்களின் கைத்தடி எடையைத் தாங்குவதற்கு. நோர்டிக் கோல் தள்ளுவதற்கு. வாங்குவது, பிடிப்பது, நடப்பது எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகின்றன.

கோலால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

உறுதியாகக் கிடைப்பது கூடுதல் உழைப்பு. அமெரிக்காவின் டல்லஸ் நகரிலுள்ள கூப்பர் இன்ஸ்டிட்யூட் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஆட்கள் கோலில்லாமல் நடந்ததைவிடக் கோலோடு நடந்தபோது ஆக்சிஜன் பயன்பாடு சராசரியாக 20 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆனால் "எவ்வளவு கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டபோது பெரிய வேறுபாடு இருப்பதாக அவர்கள் சொல்லவில்லை. வேலை தோள், முதுகு, கையின் பின்பக்கத் தசைகள், வயிறு என்று பிரிந்துபோவதால் கால் மட்டும் சோர்வதில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க நேரமில்லாதவர்களுக்கு இது பெரிய லாபம்.

இதய நோயாளிகளைப் பற்றியும் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா இதய மருத்துவ நிறுவனம் 2022இல் வெளியிட்டது. இதய ரத்தக்குழாய் நோய் உள்ள 130 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, விட்டுவிட்டுச் செய்யும் தீவிரப் பயிற்சி, மிதமான தொடர் பயிற்சி, நோர்டிக் நடை ஆகிய மூன்றில் ஒன்றை 12 வாரம் கொடுத்தார்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்ற சோதனையில் மூன்று குழுவும் முன்னேறின. நோர்டிக் குழுவின் முன்னேற்றமே அதிகம்.

இனி கிடைக்காதது. "முட்டியின் சுமையை 30 சதவீதம் குறைக்கும்" என்று கோல் விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்பி வாங்காதீர்கள். சமதரையில் நோர்டிக் நடையின்போது முட்டி மூட்டில் விழும் விசையை ஆய்வகங்களில் அளந்து பார்த்த பல ஆய்வுகளில் அப்படி ஒரு குறைவு தெரியவில்லை. காரணம் எளிது. கோலைத் தள்ளும்போது காலடி நீளமாகிறது, வேகம் கூடுகிறது. எட்டி வைத்த கால் தரையைத் தொடும் விசையும் கூடுகிறது. கோல் மிச்சப்படுத்துவதை நீண்ட எட்டு செலவழித்துவிடுகிறது. கோல் முட்டியைக் காப்பாற்றுவது மலை இறங்கும்போதுதான்: 25 டிகிரி சரிவில் மலையேற்றக் கோல்களோடு இறங்கியவர்களுக்கு முட்டிச் சுமை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்ததை 1999இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதுவும் கோலை முன்னால் ஊன்றி, எடையை அதன்மேல் இறக்கியபோது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சரிவே கிடையாது. கடலூரிலும் கேப்பர் மலைப் பக்கம் போனால்தான் ஏற்ற இறக்கம். ஆகவே சரிவில் எடுத்த எண்ணை நம் சமதரைக்குக் கொண்டுவந்து கணக்குப் போடக் கூடாது.

முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கு நோர்டிக் நடை ஆகாது என்று இதற்குப் பொருள் இல்லை. எட்டைக் குறுக்கி, வேகத்தை மிதமாக வைத்தால் பலருக்கு ஒத்துப்போகிறது. தடுமாற்ற பயம் போவதாலேயே நடை சீராகிறது. முட்டிக்காக மட்டும் என்றால் கீழே சொல்லும் தண்ணீரும் சைக்கிளும் முந்தும்.

வெறுங்கை நடை

செலவில்லாதது, கற்றுக்கொள்ள ஏதுமில்லாதது, எந்தத் தெருவிலும் நடப்பது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்பை இதிலேயே எட்டிவிடலாம். ஒரு நிபந்தனை: மூச்சு சற்று வாங்க வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்ற வேகம்தான் மிதமான உழைப்பு. காலையில் நான்கு பேர் சேர்ந்து அரசியல் பேசிக்கொண்டு போகும் வேகத்தில் பெரும்பாலானோருக்கு அது வருவதில்லை. வேகத்தைக் கூட்டினால் முட்டியோ குதிகாலோ வலிக்கிறது என்பவர்கள்தான் கோலைப் பற்றி யோசிக்க வேண்டியவர்கள். வேகத்தைக் கூட்டாமலேயே உழைப்பைக் கூட்ட அது வழி தருகிறது. வேகமாக நடந்தும் வலியில்லை, தோளும் முதுகும் நன்றாக இருக்கின்றன என்றால் கோலுக்குச் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல ஷூ வாங்கலாம்.

சைக்கிள்

முட்டித் தேய்மானத்துக்கு உண்மையிலேயே நல்லது. உடல் எடையை இருக்கை தாங்குகிறது. மூட்டு சுமையில்லாமல் மடங்கி நீள்கிறது. கெடுப்பது இருக்கையின் உயரம்தான். தெருவில் கால் ஊன்ற வசதியாக இருக்கட்டும் என்று நம்மில் பலரும் இருக்கையைத் தாழ்த்தி வைக்கிறோம். அப்போது மிதி மேலே வரும் ஒவ்வொரு முறையும் முட்டி அதிகமாக மடங்கி, முட்டிச் சில்லின் பின்புறம் அழுத்தம் ஏறுகிறது. ஒரு வாரத்தில் முட்டிக்கு முன்னால் வலி வருகிறது, பழி சைக்கிள்மேல் விழுகிறது. குதிகாலை மிதியில் வைத்து, மிதி அடியில் இருக்கும்போது கால் முழுதாக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டியில் சிறு மடக்கு மட்டும் மிஞ்சும். அதுதான் சரியான உயரம்.

புதுவையில் இதற்கு நல்ல தரை, கெட்ட போக்குவரத்து. கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுத் தெருக்கள் விடியற்காலையில் வெறிச்சோடி இருக்கும். எட்டரை மணிக்கு மேல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுவதை உடற்பயிற்சி என்று சொல்ல முடியாது. இன்னொரு குறையும் உண்டு: உட்கார்ந்தபடி செய்வதால் எலும்புக்குத் தேவையான எடை தாங்கும் வேலை கிடைப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களும் எலும்பு அடர்த்தி குறைந்தவர்களும் சைக்கிளை மட்டும் நம்பக் கூடாது. வாரத்தில் சில நாட்களாவது நடையும் வேண்டும்.

தண்ணீர்

இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய பாதி. மார்பளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எடை அதிகமாக இருந்து, பத்து நிமிடம் நின்றாலே முட்டி வீங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. நீச்சல் தெரிய வேண்டும் என்பதில்லை, மார்பளவு ஆழத்தில் முன்னும் பின்னும் நடந்தாலே போதும். ஆனால் இதற்கு நீச்சல் குளம் வேண்டும், பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும், ஈரத்தரையில் வழுக்காமல் இறங்கி ஏற வேண்டும். கடலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். புதுவைக் கடற்கரையில் பாறைக் குவியல். கடலூர் சில்வர் பீச்சில் மணல் இருந்தாலும் அலை திரும்பும்போது காலை வாரும் இழுவை இருக்கிறது. தடுமாறுகிறவர்கள் இறங்கும் இடமே அல்ல.

கோல் வாங்குவது

கடையில் கேட்டால் பெரும்பாலும் மலையேற்றக் கோலைத்தான் எடுத்துத் தருவார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், வேலையில் வேறு. மலையேற்றக் கோலில் கையை நுழைக்க ஒரு வளையப் பட்டை மட்டும் இருக்கும். கைப்பிடி பருத்து, மேலிருந்து அழுத்த வசதியாக இருக்கும். நோர்டிக் கோலில் கைப்பிடி மெலிந்திருக்கும். பட்டை பாதிக் கையுறையைப் போலக் கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சுற்றிக்கொள்ளும். இந்தப் பட்டைதான் முக்கியம். கோலைப் பின்னால் தள்ளி முடித்ததும் உள்ளங்கையைத் திறந்துவிட வேண்டும், கோல் விழாமல் பட்டையில் தொங்கி வர வேண்டும். வளையப் பட்டையில் இது சரியாக நடக்காது; கோல் ஆடும், அதை அடக்க விரல்கள் இறுக்கிப் பிடிக்கும், சில வாரத்தில் முழங்கை வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கும். வீட்டில் மலையேற்றக் கோல் இருந்தால் ஒரு மாதம் பழகிப் பார்க்க அது போதும். புதிதாக வாங்குவதென்றால் கையுறைப் பட்டை உள்ளதையே தேடி வாங்குங்கள்.

உயரக் கணக்கு: உங்கள் உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 0.68ஆல் பெருக்குங்கள். 155 செ.மீ. உயரமுள்ளவருக்கு 105, 165 உயரத்துக்கு 112, 172 உயரத்துக்கு 117. ஒரே நீளமாக வரும் கோல்கள் 5 செ.மீ. இடைவெளியில் கிடைக்கும், எண் நடுவில் விழுந்தால் புதியவர்களும் தோள் இறுக்கம் உள்ளவர்களும் கீழே உள்ள அளவையே எடுப்பது நல்லது. 112 வந்தால் 110. ஷூ போட்டுக்கொண்டு, கோலைச் செங்குத்தாகக் காலருகே நிறுத்திப் பிடித்தால் முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க வேண்டும். சிலம்பக் கம்புக்கு ஆள் உயரம் பார்ப்பதுபோல் இதற்கும் ஆளுக்கு ஆள் அளவு மாறும். கணவனும் மனைவியும் ஒரு ஜோடியைப் பகிர்ந்துகொள்வதென்றால் நீளம் மாற்றக்கூடிய கோல்தான் வேண்டும்.

நீளம் மாற்றும் கோலில் இரண்டு வகைப் பூட்டு. ஒன்று, குழாயைத் திருகி இறுக்குவது. மற்றது, வெளியே நெம்புகோல்போல் மடக்கி இறுக்குவது. நம் கடற்கரைக்கு இரண்டாவதுதான். திருகுப் பூட்டுக்குள் மணல் போனால் பிடிப்பு வழுக்கும்; எடை போட்டுத் தள்ளும் நேரத்தில் கோல் சட்டென்று உள்ளே இறங்கினால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். வழுக்குகிறதே என்று எண்ணெய் போட்டுவிடாதீர்கள், இன்னும் மோசமாகும். நெம்புப் பூட்டு தளர்ந்தால் பக்கத்தில் இருக்கும் சிறு திருகாணியைக் கால் சுற்று இறுக்கினால் போதும்.

குழாய் அலுமினியமா கார்பனா? கார்பன் இலேசு, அதிர்வைக் குறைவாகக் கடத்தும், உப்புக் காற்றில் அரிக்காது. ஆனால் பக்கவாட்டில் அடிபட்டால் விரியும். கடற்கரைச் சாலையோரப் பாறை இடுக்கில் முனை சிக்கியபடி உடம்பு முன்னே போனால் அதற்கு அந்த ஓர் அடி போதும். அலுமினியம் பெரும்பாலும் வளையுமே தவிர உடையாது. புதியவர்களுக்கு அலுமினியமே போதும் என்பது எங்கள் கருத்து, ஒரு கட்டாயத்தோடு: கடற்கரையில் நடந்துவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, குழாய்களைக் கழற்றி, துடைத்து நிழலில் காயவைக்க வேண்டும். மடக்கியபடி மூலையில் சாத்தி வைத்தால் உப்பு அரித்து ஒரு குழாய் இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு இருவர் சேர்ந்து இழுத்தாலும் வராது. பட்டையையும் வாரம் ஒருமுறை அலசுங்கள். நம் ஊர் வேர்வையில் அது உப்பேறி முறுகி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் கொப்புளம் போடும்.

முனையில் டங்ஸ்டன் கார்பைடு கூர், அதன்மேல் மாட்டும் ரப்பர் பாதம். கூர்முனை மண்ணுக்கும் ஈர மணலுக்கும். ரப்பர் தார்ச்சாலைக்கும் கல் பாவிய தரைக்கும். ரப்பர் பாதம் சிறு பூட்ஸ் வடிவில் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும், அதன் மூக்கு பின்னால் பார்க்க வேண்டும். முன்னால் பார்க்க மாட்டினால் தள்ளும்போது விளிம்பு மட்டும் தரையைத் தொட்டு வழுக்கும். இடது வலது பட்டைகளை மாற்றிப் போடுவதும் கூடாது. ரப்பர் தேய்ந்து உள்ளே உலோகம் தெரியத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். கூர்முனை துளைத்து வெளியே வந்தால் சிமெண்ட் தரையில் பனிக்கட்டிமேல் ஊன்றியதுபோல் சறுக்கும். கோல் வாங்கும்போதே கூடுதலாக இரண்டு ஜோடி ரப்பர் வாங்கி வையுங்கள். எல்லாக் கடையிலும் அது தனியாகக் கிடைப்பதில்லை.

நடக்கக் கற்பது

முதல் 200 மீட்டருக்குக் கோலை ஊன்றவே வேண்டாம். பட்டையை மாட்டிக்கொண்டு, விரல்களைத் தளர்த்தி, கைகளைத் தொங்கவிட்டு, கோல்கள் பின்னால் தரையில் உரசிவர வழக்கம்போல் நடங்கள். வலக்கால் முன்னே போகும்போது இடக்கை முன்னே போகிறதா என்று மட்டும் பாருங்கள். யோசிக்கத் தொடங்கினால் பலருக்கு இது குழம்பி, வலக்கையும் வலக்காலும் சேர்ந்து போகும். அப்படி ஆனால் நின்று, மூச்சு விட்டு, மறுபடி இழுத்துக்கொண்டு நடங்கள். எண்ணிக்கை போட்டு நடக்க முயல்வது இன்னும் குழப்பும்.

கை வீச்சு இயல்பான பிறகு, முன்னே வரும் கையின் கோல் தானாகவே எங்கே தரையைத் தொடுகிறது என்று கவனியுங்கள். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் தொடும். அந்த இடத்தில், கோல் நுனி பின்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும் நிலையில், லேசாக அழுத்திப் பின்னால் தள்ளுங்கள். கை இடுப்பைத் தாண்டும்வரை அழுத்தம் தொடர வேண்டும். தாண்டியதும் உள்ளங்கையைத் திறங்கள், கோல் பட்டையில் இழுபட்டு முன்னே வரும். வந்ததும் மெல்லப் பிடியுங்கள். பிடி, தள்ளு, விடு. அவ்வளவுதான் முறை, ஆனால் "விடு" என்பது பழக இரண்டு மூன்று வாரமாகும்.

அதிகம் காணும் பிழை, முழங்கையை மடக்கி வைத்துக்கொண்டு கோலை முன்னால் டக் டக் என்று தட்டிச் செல்வது. பார்க்க நோர்டிக் நடைபோல இருக்கும். கைக்கும் தோளுக்கும் வேலையே இல்லை, மேலே சொன்ன 20 சதவீதமும் வராது. கோல் நுனி காலுக்கு முன்னால் விழுகிறது என்றால் இந்தப் பிழை நடக்கிறது. தோள் காதை நோக்கி ஏறினால் கோல் நீளம் அதிகம், 5 செ.மீ. குறையுங்கள். கழுத்து வலித்தால் பார்வை தரையிலேயே இருக்கிறது. பதினைந்து இருபது அடி தூரத்துக்கு நிமிர்த்துங்கள். கணுக்கால் முன்பக்கம் எரிந்தால் எட்டு அதிக நீளம். ஒரு பக்க ரப்பர் மட்டும் சீக்கிரம் தேய்ந்தால் அந்தக் கையால் மட்டும் தள்ளுகிறீர்கள்.

ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை. குதிகாலில் தொடங்கி பெருவிரலில் முடியும்படி பாதம் உருள வேண்டும் என்பதால், முன்பாதம் வளையும் ஷூ வேண்டும். ரப்பர் செருப்பில் விரல்கள் அதைப் பிடித்து வைப்பதிலேயே இருக்கும், பாதம் உருளாது. சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் மணலில்கூட வெறுங்காலோடு நடக்க வேண்டாம். கிளிஞ்சலும் உடைந்த பாட்டிலும் வெட்டினாலும் தெரியாது.

எந்தத் தரை

புதுவைக் கடற்கரைச் சாலை மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்கு மூடியிருக்கும். தலைமைச் செயலகத்திலிருந்து துய்ப்ளே சிலை வரை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். ஒருமுறை போய்த் திரும்பினால் நல்ல வேகத்தில் அரை மணிக்கும் சற்று அதிகம். புதியவர்களுக்கு இதைவிடச் சீரான தரை இந்தப் பக்கத்தில் இல்லை. விடியலில் மட்டும் போங்கள். மாலையில் கூட்டம்; பின்னால் நீளும் கோல் நுனி, குறுக்கே ஓடும் குழந்தையின் முகத்துக்கு நேராக இருக்கும். நடைபாதைக் கல் இடுக்குகளில் முனை சிக்கும் என்பதால் அங்கே தார்ப்பகுதியே மேல், ரப்பர் கட்டாயம்.

கடலூரில் சில்வர் பீச் போகிறவர்கள் மணலைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கெட்டித் தரையில் நடப்பதைவிட உதிரி மணலில் அதே வேகத்தில் நடக்க 2 மடங்குக்கும் மேல் சக்தி செலவாகிறது. கேட்க நன்றாக இருக்கும். குதிகால் வலி, குதிகாலுக்குப் பின்புறத் தசைநார் வலி உள்ளவர்களுக்கு அதுவே வில்லங்கம், குதிகால் புதைந்து கெண்டைக்கால் இழுபடும். உதிரி மணலில் கோலும் புதையும், தள்ளினால் எதிர்ப்பு கிடைக்காது. அலை நனைத்துவிட்டுப் போன கெட்டியான ஈர மணல்தான் நோர்டிக் நடைக்கு ஏற்றது. ரப்பரைக் கழற்றிவிட்டுக் கூர்முனையில் நடக்கலாம். அந்த ஈர மணல் பகுதி கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே நடக்கும். இடுப்பு வலி உள்ளவர்கள் நீண்ட தூரம் ஒரே திசையில் போகாமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி நடக்க வேண்டும். தேவனாம்பட்டினம் பக்கம் வலைக்கயிறும் நங்கூரக் கயிறும் மணலில் கிடக்கும், பார்த்துப் போங்கள். மழைக்கால ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரையை விட்டு மஞ்சக்குப்பம் மைதானம் போன்ற இடத்துக்கு மாறிவிடுவது நல்லது.

கைக்குப் பழகியபின் செம்மண் பாதை தேடிப் போகலாம். ஆரோவில் பக்கத்து மண் பாதைகளில் கூர்முனை அழகாகப் பதியும், முட்டிக்கும் தார்ச்சாலையைவிட மெத்தென்று இருக்கும். மழை பெய்த மறுநாள் மட்டும் போக வேண்டாம். செம்மண் வழுக்கும், முனையில் உருண்டையாக அப்பிக்கொள்ளும்.

தெருநாய்கள் நம் ஊரில் தனி விஷயம். இரண்டு கம்போடு வரும் ஆளைக் கண்டால் குரைக்கும். கோலை உயர்த்தாதீர்கள், ஆட்டாதீர்கள். இரண்டையும் ஒரே கையில் சேர்த்து, நுனி கீழே இருக்க, வேகத்தைக் குறைத்துக் கடந்து போங்கள்.

வெயிலும் புழுக்கமும் உழைப்புக் கணக்கை மாற்றும். கோலோடு நடந்தால் உடலில் சூடும் கூடுதலாக உண்டாகிறது. சித்திரை, வைகாசியில் கடலோரக் காற்றின் ஈரத்தில் வேர்வை காயாது, சூடு வெளியேறாது. அந்த இரண்டு மாதமும் ஆறரை மணிக்குள் முடித்துவிடுங்கள், நேரத்தையும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். இரண்டு கையும் வேலையாக இருப்பதால் தண்ணீர் பாட்டிலுக்கு இடுப்புப் பட்டை வேண்டும்.

யாருக்கு எது

உட்கார்ந்து எழுந்தாலே முட்டி வலி, வீக்கமும் உண்டு: தண்ணீர் அல்லது சரியான உயரத்தில் சைக்கிள். வீக்கம் வடிந்து இருபது நிமிடம் வலியின்றி நடக்க முடிந்த பிறகு கோல்.

ஒரு முட்டியில் மட்டும் நல்ல வலி, நொண்டி நடக்கிறீர்கள்: நோர்டிக் கோல் வேண்டாம். ஒற்றைக் கைத்தடி போதும், வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில்.

சர்க்கரை, தொப்பை, கணினி முன் உட்கார்ந்து கூனிய முதுகு: நோர்டிக் நடைக்குப் பிறந்த ஆள். சர்க்கரை நோயில் அதிகம் வரும் தோள் இறுக்கம் தொடங்கும் நிலையில் இருந்தாலும் கை வீச்சு உதவும். ஆனால் கையைப் பக்கவாட்டில் தூக்கவே முடியாத நிலை என்றால் முதலில் பிசியோதெரபி. இன்சுலின் போடுகிறவர்கள் கையில் ஊசி போட்ட கையோடு நடக்கக் கிளம்பாதீர்கள், வேலை செய்யும் தசைக்கு அருகில் மருந்து வேகமாக உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும்.

பாத உணர்ச்சி குறைவு, விழுந்துவிடுவோமோ என்ற பயம்: கோல்தான், அதுவும் வேகத்துக்காக இல்லாமல் நான்கு புள்ளிகளில் தரையைத் தொடும் நிலைத்தன்மைக்காக. எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கும் இதே பதில்.

மணிக்கட்டு எலும்பு முறிந்து சமீபத்தில்தான் கூடியது, தோள் தசைநார் கிழிந்திருக்கிறது, கைவிரல் இரவில் மரத்துப்போகிறது: கோல் இப்போதைக்கு இல்லை. வெறுங்கை நடையும் சைக்கிளும். சைக்கிளிலும் கைப்பிடியில் எடை போடாமல் நிமிர்ந்து உட்காருங்கள்.

இதய சிகிச்சை முடிந்தவர்கள் உங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண் வழிகாட்டாது. பேச முடிகிறதா என்பதே அளவுகோல்.

முடிவெடுத்தபின் முதல் வாரம் மூன்று நாள், நாளுக்கு 15 நிமிடம். கோலை இழுத்து நடப்பதும் லேசாகத் தள்ளுவதும் பாதிப்பாதி. இரண்டாம் வாரம் 20 நிமிடம். மூன்றாம் வாரத்திலிருந்து நான்கு நாள், 30 நிமிடம். மறுநாள் அக்குளுக்குப் பின்புறமும் மேல்கையின் பின்புறமும் சற்றே வலித்தால் தசை வேலை செய்திருக்கிறது என்று பொருள். முழங்கையின் வெளிப்பக்கமோ மணிக்கட்டோ வலித்தால் பிடி இறுகுகிறது. இரண்டு நாள் விட்டு, மறுபடி கோலை இழுத்து நடக்கும் முதல் பாடத்திலிருந்து தொடங்குங்கள்.